ஸ்லோப் 60 என்றால் டிகிரியா, சதவீதமா?

கேள்வி: ஸ்லோப்பைச் சிலர் டிகிரியிலும் சிலர் சதவீதத்திலும் சொல்கிறார்கள். ரயில் பாதைக்கு 1:44 என்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

மூன்றும் சொல்வது ஏற்றத்தின் அளவைத்தான், ஆனால் கணக்கு வேறு. மலையகத்தில் இந்தச் சொல் புழங்காத இடமே கிடையாது. குளியலறையில் தண்ணீர் ஓட மேசன் பாஸ் தரைக்கு ஸ்லோப் விடுவார். கூரைக்கு ஸ்லோப், ரோட்டுக்கு ஸ்லோப். சாதாரண தரக் கணிதத்தில் வரும் படித்திறனும் இதுவேதான்: ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுப்பது.

1:44 என்றால் 44 மீற்றருக்கு 1 மீற்றர் ஏற்றம். சதவீதத்தில் சுமார் 2.3, டிகிரியில் வெறும் 1.3. ஆனால் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ரயில் திணறித் திணறி ஏறுவது இந்த ஏற்றத்தில்தான். தண்டவாளத்தில் இரும்புச் சில்லுக்குப் பிடிப்பு குறைவு. தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்து, கடந்து வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போவதும் ஸ்லோப்பைக் கூட்டாமல் இறங்கத்தான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்காது.

சதவீதத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். 100 சதவீதம் என்றால் செங்குத்து இல்லை, 45 டிகிரி. 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 31 டிகிரி, நம் தேயிலை மலைகளில் சாதாரணமாகப் பார்க்கிற சரிவு. 60 டிகிரியோ கிட்டத்தட்ட கற்பாறை முகம்.

நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளச் சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் மண்ணில் வையுங்கள். மறுமுனையைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, சட்டத்தின் மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்கும்வரை உயர்த்திப் பிடியுங்கள். அந்த முனையிலிருந்து நேர்கீழே மண் வரை டேப்பைப் பிடித்தால் வருகிற சென்டிமீற்றர்தான் சதவீதம். 58 வந்தால் 58 சதவீதம், அதாவது 30 டிகிரி. மேடுபள்ளம் இருந்தால் நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

அப்புறம், வீடு கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று. மலை 30 டிகிரிதான் என்றாலும், இடம் எடுக்கப் பின்பக்கம் வெட்டிய மண் முகம் 80, 90 டிகிரியில் நிற்கும். அடைமழையில் வீட்டுச் சுவரில் வந்து விழுவது பெரும்பாலும் அதுதான். மண்வெட்டியை எடுக்கும் முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் காணியைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண் டிகிரியா சதவீதமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.