கேமரா கேள்வி – பதில்: அஷ்டமி, நவமியில் படம் எடுக்கலாம்

மும்பையின் பாலங்களையும் கரைகளையும் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மாஹிம் கடற்கரையிலிருந்து ஸீ லிங்க்குக்கு (பாந்த்ரா–வொர்லி கடல் பாலம்) பின்னால் சூரியன் இறங்குவதை எடுக்க மூன்று பௌர்ணமிகளில் போனேன். மாலையில் சூரியன், திரும்பினால் நிலா என்று ஆசை. மூன்று முறையும் முன்னால் சேறும் பிளாஸ்டிக் குப்பையும்தான். எந்த மாதம் போனால் தண்ணீர் கிடைக்கும்?
– வாசகர், தாராவி

மாதத்தில் தப்பில்லை, திதியில்தான் தப்பு. மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏறி உச்சம் தொடுவது நண்பகலை ஒட்டி. அடுத்த உச்சம் நள்ளிரவில். இரண்டுக்கும் நடுவில், மாலை ஆறு மணி வாக்கில், தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றிக் கிடக்கும். மாதத்திலேயே அதிகம் ஏறி அதிகம் வற்றுவதும் அந்த நாட்களில்தான் என்பதால், சேறு வெகுதூரத்துக்குத் தெரியும். பௌர்ணமி நிலாவும் நிறைந்த கடலும் மும்பை மாலையில் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையன்று நண்பகலில் இருந்தது, ஏழெட்டு நாளில் மாலை ஆறு, ஏழு மணிக்கு வந்து நிற்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள்: அஷ்டமி, நவமி. நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பாட்டி ஒதுக்கிய அதே இரண்டு நாள்கள்தான் மும்பையில் மாலைப் படத்துக்குச் சுபதினம். அன்றைக்கு ஏற்றம் பௌர்ணமி அளவுக்கு உயராது. ஆனால் சேறு மூடியிருக்கும், நீரோட்டமும் அடங்கியிருக்கும். பாலத்தின் நிழல் தண்ணீரில் விழ அது போதும்.

காலண்டர் தோராயத்துக்கு மட்டும். கிளம்பும் முன் கடலேற்ற அட்டவணையில் அப்போலோ பந்தர் என்ற மும்பைத் துறையின் நேரத்தைச் சரிபாருங்கள். கோலிவாடாவில் (மீனவர் குடியிருப்பு) கேட்பதானால் 'பர்த்தி' என்றால் ஏற்றம், 'ஓஹோட்டி' என்றால் வற்றம். ஏற்றத்தின் உச்சம் அஸ்தமனத்துக்கு முன்பின் ஒரு மணிக்குள் இருந்தால் போங்கள். டிசம்பரில் அஸ்தமனம் ஆறு மணியை ஒட்டி, ஜூன் கடைசியில் 7.15 தாண்டி.

உங்கள் மாதக் கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் இறங்குவதில்லை. மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டி நேர் மேற்கில். டிசம்பரில் அதிலிருந்து 25 டிகிரி இடதுபக்கம், அதாவது வொர்லி முனை நோக்கி. ஜூனில் அதே அளவு வலதுபக்கம், பாந்த்ரா நோக்கி. 128 மீட்டர் உயரக் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் வேண்டுமானால், சூரியப் பாதை காட்டும் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு கரையில் நடந்து இடம் பிடியுங்கள். கரையில் 100 மீட்டர் தள்ளி நின்றாலே கணக்கு மாறிவிடும். ஒளியளவைச் சூரியன்மீது எடுக்காதீர்கள். பக்கத்து வானத்தில் எடுத்து ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறையுங்கள். கோபுரம் கறுப்பாகவும் வானம் நிறத்தோடும் வரும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் இருண்ட கண்ணாடியான என்.டி. ஃபில்டர், பத்து ஸ்டாப்பில் வாங்கினேன். தண்ணீர் பட்டுப்போல வருகிறது. ஆனால் பாலத்தின் கேபிள்கள் இரட்டையாகத் தெரிகின்றன. லென்ஸ் கோளாறா?
– வாசகர், வாஷி

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் ட்ரைபாடின் காலடியைப் பாருங்கள். கேபிள் இரட்டையாக வந்தால், எக்ஸ்போஷர் நடுவில் கேமரா ஒரு தரம் இடம் மாறி அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். ஈர மணலில் இது சகஜம். கால் நுனி அரை மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், 200 மி.மீ. லென்ஸில் கம்பி இரண்டாகிவிடும். ட்ரைபாட் காலை மணலில் வைத்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு காலாக அமுக்கி, இனி இறங்காது என்ற இடம்வரை குத்துங்கள். அலை வந்து தொடும் இடமானால் ஒவ்வொரு அலையும் காலடி மணலைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகும். ஒரு காலுக்கு ஒன்றாகப் பழைய டப்பா மூடியை அடியில் போடலாம். மேல் கணுக்களை முதலில் நீட்டுங்கள், மெலிந்த கடைசிக் கணுவைக் கடைசியில். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். காற்றில் பையைத் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் பை தரையைத் தொடட்டும். ஆடும் பை உதவியில்லை, உபத்திரவம்.

கேபிள்கள் இரட்டையாக இல்லாமல் புசுபுசுவென்று தடித்து வந்தால் அது நடுக்கம். நடைமேம்பாலத்திலோ சாலையோரத்திலோ நின்றால் லாரி போகும்போது தரையே அதிரும். 30 விநாடி எக்ஸ்போஷர் ஒன்றுக்குப் பதில் 8 விநாடியில் நாலைந்து எடுத்து, வண்டி போகாத சமயத்தில் விழுந்ததை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடில் லென்ஸின் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும்.

ஃபில்டர் வேலைக்கு வரிசை முக்கியம். ஃபில்டர் இல்லாமல் ஃப்ரேம் அமையுங்கள், ஃபோகஸ் பிடியுங்கள், ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள், பிறகுதான் ஃபில்டர். போட்ட பிறகு ஃபோகஸ் பிடிக்கப் பார்த்தால், அந்த இருட்டில் கேமரா தடுமாறும். பத்து ஸ்டாப் என்றால் நேரம் ஏறக்குறைய 1000 மடங்கு: ஃபில்டர் இல்லாமல் 1/125 வந்தால் 8 விநாடி, 1/60 வந்தால் 17, 1/30 வந்தால் 33 விநாடி. கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தை மூடுங்கள். பின்பக்க வெளிச்சம் உள்ளே புகுந்து படத்தின் நடுவில் மங்கலாகத் திட்டு விழும். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள். மலிவு ஃபில்டர்களின் பழுப்புச் சாயத்தைப் பிறகு கழற்றலாம்.

ஒரு அபிப்பிராயம்: எல்லாத் தண்ணீரையும் பட்டாக்க வேண்டியதில்லை. தானே நகரை ஒட்டிய கடற்கழியான 'தானே கழி'யின் தண்ணீருக்கு ஓட்டம் உண்டு. 1 அல்லது 2 விநாடியில் அந்த ஓட்டம் கோடுகளாக நிற்கும். 30 விநாடியில் பாலம் மூடுபனியில் மிதப்பதுபோல ஆகிவிடும்.

போனில் எடுத்தால் கோபுரங்கள் பின்னால் சாய்கின்றன. என்ன செய்ய?
– வாசகி, சயான்

போனை மேலே அண்ணாத்திப் பிடிப்பதால் வருவது. நிமிர்த்திப் பிடித்தால் சாய்வு போய்விடும், ஆனால் கோபுரத்தின் தலை வெட்டுப்படும். அதற்கு மருந்து பின்வாங்குவது. 0.5 லென்ஸை விட்டுவிட்டு, இன்னும் தூரம் போய் 2 அல்லது 3 லென்ஸில் எடுங்கள். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு தொடுவானத்தை ஒரு கோட்டில் உட்கார வையுங்கள். பிறகு எடிட் செய்து நிமிர்த்துவதானால் நாலு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது ஓரம் போய்விடும். நைட் மோடில் போன் சில விநாடிகள் அசையக்கூடாது, தடுப்புச் சுவர்மேல் வையுங்கள்.

அடல் சேதுவில் (மும்பை–நவி மும்பை கடல் பாலம்) காரை ஓரம் கட்டி எடுக்கலாமா?
– வாசகர், நெருல்

கூடாது. அடல் சேது, ஸீ லிங்க் இரண்டிலும் நிறுத்தத் தடை. பைக்குக்கும் நடப்பவர்களுக்கும் அனுமதியே இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் எடுக்கலாம்: ஷட்டர் 1/1000க்குக் குறையாமல், லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாமல். தொட்டால் வண்டியின் நடுக்கம் கேமராவுக்கு வரும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) இருந்தால் கழற்றுங்கள், கார் கண்ணாடியில் வானவில் திட்டுகள் தெரியும். ட்ரோன் எண்ணம் இருந்தால் முதலில், ட்ரோன் பறக்கும் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பாருங்கள். போலீஸ் தடை உத்தரவுகள் தனி.

சிவ்ரி பக்கம் பூநாரைகளையும் பின்னால் அடல் சேதுவையும் ஒரே படத்தில் எடுக்க எந்த நேரம்?
– வாசகி, செம்பூர்

சிவ்ரி கிழக்கு பார்த்த கரை. காலையில் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், பறவைகள் கறுப்பாகிவிடும். மாலை நாலரைக்கு மேல் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும்போது இளஞ்சிவப்பு நிறம் எழும். ஆனால் இங்கே அஷ்டமிக் கணக்கு உதவாது. தண்ணீர் நிறைந்திருந்தால் பறவைக்குச் சேறு இல்லை, எழுந்து வேறு இடம் போய்விடும். அடியோடு வற்றினாலோ தண்ணீர் ஓரத்தைத் தொடர்ந்து தூரத்துக்கு நடந்துவிடும். ஏற்றத்தின் உச்சத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று மணி நேரம்தான் பறவைகள் கிட்டத்தில் மேயும். ஐந்து மணிக்கு அந்த நிலை வேண்டுமானால் உச்சம் இரண்டரை, மூன்றரைக்கு இருக்க வேண்டும்; காலண்டரில் திருதியை, சதுர்த்தி.

நவம்பருக்கு மேல் மே வரை பறவைகள் இருக்கும். 400 மி.மீ. வேண்டும். பாலமும் ஓரளவு தெரிய வேண்டுமானால் லென்ஸ் துவாரம் எஃப் 11. அழுத்தமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் எஃப் 6.3 போதும், வெறும் கோடாகப் பின்னால் நிற்பது சில சமயம் இன்னும் அழகு. டிசம்பர், ஜனவரிப் புகைமூட்டத்தில் தொலைவிலுள்ள பாலம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். அதை எடிட்டில் வலிந்து தெளிவாக்கினால் வானம் முழுக்கப் புள்ளிகள் கிளம்பும். படகிலிருந்து எடுக்க ஆசை என்றால் ஐரோலியில் உள்ள கடலோர உயிரின மையத்திலிருந்து தானே கழிக்குள் படகுச் சவாரி உண்டு. அதுவும் ஏற்ற நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்பும்.

மரைன் டிரைவ் விளக்குகள் வெள்ளைத் திட்டுகளாக எரிந்துபோகின்றன.
– வாசகர், மாட்டுங்கா

தாமதமாகப் போகிறீர்கள். இருட்டிவிட்டால் விளக்குக்கும் வானத்துக்கும் எட்டாத வித்தியாசம். அஸ்தமனம் முடிந்த 12ஆம் நிமிடத்திலிருந்து 25ஆம் நிமிடம்வரை வானம் நீலமாகவும் விளக்குகள் எரிந்துகொண்டும் இருக்கும். நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் இந்த நேரம் நீளாது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 6 முதல் 15 விநாடி, வெள்ளைச் சமன் 3800 கெல்வின். அதே ஃப்ரேமை இரண்டு ஸ்டாப் குறைத்து இன்னொன்று எடுத்து வையுங்கள். எரிந்த விளக்குகளை அதிலிருந்து ஒட்டலாம்.

மழைக்காலம் முடிந்தபின் லென்ஸுக்குள் சிலந்திவலைபோல ஒன்று.
– வாசகர், டோம்பிவ்லி

பூஞ்சை. உள்கண்ணாடியில் இருந்தால் வீட்டில் கழற்ற வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். முற்றினால் பூச்சையே அரித்துவிடும். மற்ற லென்ஸ்களை அதிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடுங்கள், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். தோல் பையில் வைத்துப் பூட்டுவதுதான் மோசம். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள், அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் மேல்பாகத்தைத் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தூள் கண்ணாடியில் கீறும். ட்ரைபாடின் கீழ்க்கணுக்களை வாளித் தண்ணீரில் அலசி, நீட்டியபடியே மறுநாள்வரை காயவிடுங்கள்.