கேட்டால் சொல்கிறோம்

கேள்வி: அண்ணன், உப்புவெளி கடற்கரைக் கடைகளில் போடுகிற ஜமைக்காவின் ரெகே இசையைக் கேட்டுக் கேட்டு இப்போது அந்த ஊர்ப் பாடகர் பூஜு பான்டனிடம் வந்து நிற்கிறேன். பழைய பாட்டுகளில் ஒரே பெண்களும் துவக்கும். ‘டில் ஷைலோ’ ஆல்பத்தில் கடவுளும் பைபிளும். இது மாற்றமா, வியாபாரமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: வியாபாரம் என்றால் அவர் மாறியிருக்கவே தேவையில்லை, தம்பி. 1992இல் ஜமைக்காவில் ஒரே வருடத்தில் அதிக நம்பர் வன் பாட்டுகள் கொடுத்து பொப் மார்லியின் சாதனையையே முறியடித்தவர், அதே சரக்கை இன்னும் பத்து வருடம் பாடினாலும் சனம் ஆடியிருக்கும். அடுத்த வருடம் அவருடைய நண்பரும் பாடகருமான பான்ஹெட்டைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு கொலைகாரனை நேருக்கு நேர் கேள்வி கேட்டு ஒரு பாட்டு பாடினார். துவக்கைப் பாடிப் பேர் எடுத்த கூட்டத்துக்குள் இருந்தே வந்ததுதான் அதன் காரம். அப்புறம் சடை வளர்த்து, எத்தியோப்பிய மன்னரைக் கடவுளாக நம்பும் ஜமைக்கா மதமான ரஸ்தஃபாரியில் சேர்ந்தார், 1995இல் இந்த ஆல்பம்.

வரிகளை விடுங்கள், மேளத்தைக் கேளுங்கள். நயாபிங்கி என்று ரஸ்தாக்கள் வழிபாட்டில் அடிக்கிறது மூன்று மேளம்: அடியில் பாஸ், நடுவில் ஃபண்டே, மேலே ரிப்பீட்டர். ஃபண்டே நெஞ்சு அடிக்கிற மாதிரி இரண்டிரண்டாக விழுந்துகொண்டே இருக்கும், ரிப்பீட்டர் அதன்மேல் ஏறி இஷ்டத்துக்குக் கதைக்கும். டான்ஸ்ஹால் என்ற ஜமைக்கா ஆட்ட இசையின் மெஷின் தாளத்தில் வளர்ந்த ஆள் இந்தப் பக்கம் வந்ததே பெரிய விஷயம். இதே ஆல்பத்தின் ‘அன்டோல்ட் ஸ்டோரீஸ்’ பாட்டு இன்னும் சிக்கனம், பெரும்பாலும் கிட்டாரும் அந்தக் கரகரத்த குரலும்தான், ஏழையின் வீட்டுக் கணக்கை வைத்தே முழுப் பாட்டும் ஓடுகிறது.

அதே ஆல்பத்தில் ‘சாம்பியன்’ மாதிரி பழைய ஆட்டப் பாட்டும் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான். ஒரே இரவில் விபூதி பூசி வந்து நின்றிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி என்றும் எண்ண வேண்டாம்: தன்பாலின ஈர்ப்பாளர்களைச் சுடச் சொல்லும் பழைய பாட்டு ஒன்றைக் கைவிட்டதாக அவர் அறிவித்தது 2019இல்தான். அவ்வளவு காலம் எடுத்ததற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

கேள்வி: எத்தியோப்பிய மன்னரை ஜமைக்காக்காரர் கடவுளாக்கியது எப்படி?
- வாசகி, தம்பலகாமம்

பதில்: ஆபிரிக்காவை வெள்ளையர் பங்கு போட்டு வைத்திருந்த காலம் அக்கா. 1930இல் ரஸ் தஃபாரி என்பவர் ஹைலி செலாசி என்ற பெயரில் அங்கே முடிசூடினார். அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கறுப்புச் சக்கரவர்த்தி கிடைத்தார், வேதாகமம் சொன்னது பலித்துவிட்டது என்றே நம்பினார்கள். 1966இல் அவர் கிங்ஸ்டனில் இறங்கியபோது கூட்டம் விமானத்தையே சூழ்ந்துகொண்டது, மன்னரால் உடனே வெளியே வர முடியவில்லை. இத்தனைக்கும் அவர் எத்தியோப்பிய ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர். அதைச் சொன்னாலும் ரஸ்தாக்கள் அசையமாட்டார்கள்.