பக்கத்துக் கொட்டகையில் பாதரசம்: தொழில் உரிமம் இருந்தால் போதுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில், நகைப் பட்டறைகளின் குப்பை மண்ணை வாங்கிவந்து, பாதரசம் சேர்த்து அரைத்து, துணியில் பிழிந்த உருண்டையை ஊதுகுழலால் சுட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். கழிவுநீர் எங்கள் கிணற்றருகே தேங்குகிறது. நான்கு மாதங்களாக இப்படித்தான். கேட்டால், மாநகராட்சி உரிமம் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மாநகராட்சி தரும் தொழில் உரிமம் வேறு, 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படியும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படியும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பெற வேண்டிய இசைவாணை (இயங்குவதற்கான ஒப்புதல்) வேறு. அந்த இசைவாணை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பிற நாடுகளின் சிறு தங்கச் சுரங்கங்களில் நடப்பதும் இதே வேலைதான். உலகில் மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்திற்கு அவையே முதற்காரணம். ரசக்கலவையை, அதாவது பாதரசமும் தங்கமும் சேர்ந்த உருண்டையை, குடியிருப்புப் பகுதியில் சுடுவதை, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமாகிய, இந்தியா 2018-இல் ஏற்புறுதி அளித்த மினமாட்டா உடன்படிக்கை, ஒழிக்க வேண்டிய வழக்கங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. உங்கள் அண்டை வீட்டார் சுரங்கம் நடத்தவில்லை என்பதால் அது நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் ஆபத்தின் தன்மையை எடுத்துக்காட்டக் கைகொடுக்கும்.

இத்தகைய வழக்குகள் சறுக்கக்கூடியது மாதிரி எடுப்பதில்தான். நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுத்துப் பெறும் ஆய்வறிக்கையை மட்டும் நம்பி நிற்க முடியாது. கழிவுநீர் மாதிரியை வாரிய அலுவலர், நடத்துபவருக்கு அறிவிப்புத் தந்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்கிறது நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. எனினும் குடிநீருக்குரிய பாதரச வரம்பான லிட்டருக்கு 0.001 மில்லிகிராமை உங்கள் கிணறு தாண்டியிருப்பதாகத் தனியார் அறிக்கை காட்டினால், வாரியத்தை வரவழைக்க அதுவே போதுமான காரணம். வீட்டிலுள்ளவர்களுக்குச் சிறுநீரில் பாதரச அளவைப் பரிசோதிக்க மருத்துவரிடம் கேளுங்கள். நாள்பட ஆவியைச் சுவாசித்ததைக் காட்ட இரத்தத்தைவிட அது பொருத்தமானது. கிணற்று நீரைக் காய்ச்சினாலும் பாதரசம் நீங்காது என்பதால், முடிவு வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்துமூலம் புகார் தந்து ஒப்புகை பெறுங்கள். அதே வாரத்தில் கோட்டாட்சியரிடம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்கீழ் பொதுத் தொல்லையை அகற்ற மனு கொடுங்கள். ஆனால் இவற்றின் முடிவுக்காகக் காத்திராதீர்கள்: தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், அத்தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி முறையிட, வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமே காலக்கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கலாம். இழப்பீடு கோர ஐந்தாண்டு உண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

மனுவில் கொட்டகையின் உரிமையாளரையும் தொழில் நடத்துபவரையும் வாரியத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஊதுகுழல் பிடிக்கும் கூலியாளைச் சேர்க்க வேண்டாம்; அந்த ஆவியை முதலில் சுவாசிப்பவர் அவர்தான், உங்களுக்குச் சாட்சியாகவும் வரக்கூடியவர்.