ஸ்டென்சில் தகட்டில் எழுத்தின் நடுப்பகுதி விழுவது ஏன்?

நீங்கள் தேர்ந்தது சாதாரண ஸ்லாப் செரிஃப் (கோட்டு முனைகளில் தடித்த பட்டைகள் கொண்ட) எழுத்துரு. அது ஸ்டென்சில் வகை, அதாவது எழுத்தைத் தகட்டில் துளையாக வெட்டி அதன் வழியே சாயம் பூசுவதற்கான வகை, அன்று. அதனால்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து ரப்பர் பால் டிரம்களுக்காக நீங்கள் வெட்டிய 'லாடாங்' (LADANG, மலாயில் தோட்டம்) தகட்டில், ரோமன் எழுத்துகளான ஏ, டி ஆகியவற்றின் நடுப்பகுதி மட்டும் கழன்று விழுந்தது. எல், என், ஜி ஆகியவற்றில் மூடிய உள்வெளி இல்லாததால் அவை தப்பின.

1937இல் ஜெரி பவல் வடிவமைத்த 'ஸ்டென்சில்' எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். அதன் தடித்த கோடுகளை ஆங்காங்கே அறுக்கும் இடைவெளிகள் அலங்காரம் அல்ல. உள்பகுதியைத் தகட்டோடு பிணைத்து நிறுத்தும் பாலங்கள் அவையே. இராணுவப் பெட்டியின் தோற்றம் வந்துவிடும் எனச் சிலர் தயங்குவர். டிரம்முக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

வெட்டுவதற்கு முன், தகட்டில் எஞ்சும் பகுதியை மட்டும் கணினியில் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். எதையும் தொடாமல் தனித்தீவாக நிற்பது எதுவோ அது விழும். எழுத்தைச் சிறிதாக்கினால் பாலமும் மெலிந்து, தகடு தூக்கிக்கொண்டு சாயம் கசியும்.

'ஸ்டென்சில்' எழுத்துருவில் ரோமன் பெரிய எழுத்துகள் (கேபிட்டல்) மட்டுமே உண்டு, தமிழ் இல்லை. கீழே 'தோட்டம்' என்றும் எழுதுவதானால், கொம்பின் சுழிக்கும், 'த', 'ம' ஆகியவற்றின் மூடிய உள்வெளிக்கும் நீங்களே பாலம் வரைந்து, புள்ளியை வளையமாக விடாமல் முழுத் துளையாக வெட்ட வேண்டும்.