மாக் டெஸ்ட் எழுதியும் மார்க் ஏறவில்லை

அன்புள்ள ஐயா,

மும்பையில் செம்பூரில் இருக்கிறேன், ஃபோர்ட் பக்கம் வேலை. வங்கி பி.ஓ. (ப்ரொபேஷனரி ஆபீசர்) தேர்வுக்காக இரண்டு மாதமாக தினமும் ராத்திரி ஒரு மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எழுதுகிறேன். ரீசனிங் என்ற தர்க்கப் பகுதியில் 35 கேள்விக்கு 17, 18 சரியாக வருகிறது, அதற்கு மேல் நகரவே இல்லை. தீர்வு வீடியோ பார்த்தால் எல்லாம் புரிகிறது. அடுத்த நாள் அதே தப்பு. இன்னும் அதிகமாக எழுத வேண்டுமா? தாதரில் ஒரு வகுப்பில் சேரலாமா?

ர.

அன்புள்ள ர.,

அதிகமாக எழுத வேண்டாம், குறைத்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். மீதி ராத்திரிகளில் அந்த இரண்டையும் பிரித்து மேயுங்கள். நீங்கள் தினமும் உங்களை அளந்து பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அளப்பதால் மட்டும் மார்க் ஏறாது.

தீர்வு வீடியோதான் உங்களைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொருவர் போட்டுக் காட்டும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும். டெஸ்ட் முடிந்ததும் விடையைத் திறக்காதீர்கள். சந்தேகத்தோடு போட்டவை, விட்டவை எல்லாவற்றையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அப்புறம் விடையைப் பாருங்கள். நிதானமாகப் போட்டபோது சரியாக வந்தது என்றால் உங்களுக்கு விஷயம் தெரியும், அவசரத்தில் நழுவியிருக்கிறது. அப்போதும் தப்பு என்றால் அந்த வகையே பிடிபடவில்லை, அதை நேரம் பார்க்காமல் முதலிலிருந்து பழக வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியானதையும் தப்புக் கணக்கிலேயே சேருங்கள்.

ஒரு நோட்டு போட்டு தப்புகளை எழுதுங்கள், ஆனால் 'கவனக்குறைவு' என்று எழுதாதீர்கள், அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. வட்டமாக உட்காரும் கணக்கில் 'வட்டத்தில் வெளியே பார்த்து உட்கார்ந்தவருக்கும் வலது கையை கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் எண்ணிவிட்டேன்' என்று எழுதினால் அடுத்த முறை அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவீர்கள். சிலாஜிசத்தில் (கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு நிற்கும் என்று கேட்பது) 'ஒன்லி எ ஃப்யூ', அதாவது சில புத்தகங்கள் மட்டுமே பேனா, என்று வந்தால் சில புத்தகங்கள் பேனா என்பதோடு சில புத்தகங்கள் பேனா இல்லை என்பதும் சேர்ந்தே வருகிறது, அதனால் 'எல்லாப் புத்தகங்களும் பேனாவாக இருக்கலாம்' என்ற முடிவு அங்கே நிற்காது. இப்படி, தப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தையே எழுதுங்கள். இந்த நோட்டை ஹார்பர் லைன் ரயிலில் போகும்போது புரட்டலாம். நெரிசலில் நின்றுகொண்டு போனில் புதுக் கணக்கு போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி நேரம். நீங்கள் எழுதும் பிரிலிம்ஸில் (முதல்நிலைத் தேர்வில்) ரீசனிங்குக்கு 20 நிமிடம், 35 கேள்வி, கேள்விக்கு 34 வினாடி. ஐந்து கேள்வி கொண்ட ஒரு பசிலுக்கு (குறிப்புகளை வைத்து யார் எங்கே என்று கண்டுபிடிக்கும் புதிர்) மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை. இன்ஈக்வாலிட்டி (எது பெரிது, எது சிறிது என்று கேட்பது) மாதிரியானவற்றை மளமளவென்று முடித்து மிச்சம் பிடித்தால்தான் அதற்கு நேரம் கிடைக்கும். நீங்கள் ஆறு நிமிடம் ஒரு பசிலில் மல்லுக்கட்டி விடை வராமல் வெளியே வந்தால் பத்துக் கேள்விக்கான நேரம் போய்விட்டது, ஆனால் ரிசல்ட்டில் அது 'அட்டெம்ப்ட் செய்யவில்லை' என்று மட்டும் காட்டும், தப்பு என்று காட்டாது. 17லேயே நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் ஓட்டை. ஆகவே எந்த பசிலில் எப்போது நுழைந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். இன்னார் இன்ன இடம் என்று நிலையான குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் ஆரம்பத்திலேயே மூன்று படம் வரையச் சொல்லும் பசிலை விட்டு நகரப் பழகுங்கள், இதற்குத் தனியாகவே பயிற்சி வேண்டும்: நான்கு பசில்களை எடுத்துப் படித்துவிட்டு, போடாமல், எதை முதலில் எடுப்பேன் என்று வரிசை மட்டும் எழுதுங்கள். பிறகு நான்கையும் போட்டு உங்கள் வரிசை சரியா என்று பாருங்கள். தப்பான விடைக்குக் கேள்வி மதிப்பெண்ணில் கால் பங்கு போகும் என்பதால் கடைசி நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதையும் நிறுத்துங்கள்.

தாதர் வகுப்பு: உங்கள் விடைத்தாளை உங்களோடு உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் சேரலாம். கணக்கு போட்டுக் காட்டுவது மட்டும்தான் என்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள், அதைத்தான் வீடியோவிலேயே பார்க்கிறீர்களே. ஒரு மாதம் கழித்து நோட்டின் நாலைந்து பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.