பழைய ஐரோப்பியக் கையெழுத்து நூல்களில் குடும்பச் சின்னங்கள் ஏன்?

குடும்பச் சின்னம் என்பது ஒரு பிரபு வீட்டுக்கே உரிய, கேடயத்தில் தீட்டும் அடையாளம். அச்சு வருமுன் ஐரோப்பாவில் தங்கத்தாள் ஒட்டி, கையால் எழுதிய நூலுக்கு ஏகப்பட்ட செலவு. பணம் கொடுத்தவர் சும்மா இருப்பாரா?

14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜெஃப்ரி லட்ரெல் என்ற பிரபு செய்வித்த, பைபிளின் சங்கீதங்கள் எனும் துதிப்பாடல்கள் அடங்கிய நூலில் அவரே குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். வெள்ளிப் பறவைச் சின்னம் உடையில், குதிரைப் போர்வையில், எங்கும். மேலே, "லட்ரெல் பிரபு என்னைச் செய்வித்தார்" என்று நூலே பேசுவதுபோல் லத்தீனில் ஒரு வரி வேறு! எதிரே நிற்கும் மனைவி, மருமகள் உடைகளில் அவரவர் பிறந்த வீட்டுச் சின்னமும் சேர்ந்திருக்கிறது. சம்பந்தம் எங்கே என்பதும் தெரிந்துவிடும். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போலத்தான்.

சின்னத்தை வைத்து மட்டும் முதல் உரிமையாளரைச் சொல்லிவிட முடியாது. பின்னால் வாங்கியவர்கள் பழையதன்மேல் தங்கள் சின்னத்தைத் தீட்டிக்கொண்டதும் உண்டு.