குமிழி ஒயின் எல்லாவற்றையும் ‘ஷாம்பெயின்’ என்று ஏன் விற்க முடிவதில்லை?

ஷாம்பெயின் என்பது வடகிழக்குப் பிரான்சிலுள்ள ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கு விளைந்த திராட்சையைக் கொண்டு, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்யப்படும் ஒயினுக்கே ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்பெயர் உரியது. இத்தகைய உரிமையைப் புவிசார் குறியீடு என்பர்.

புட்டியைத் திறக்காமல் சுவையை அறிய வழியில்லை என்பதால், வாங்குபவர் பெயரை நம்பியே பணம் கொடுக்கிறார். பல தலைமுறை உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஈட்டிய அந்த நம்பிக்கையை வெளியார் எடுத்தாண்டால், பிறர் விதைத்ததை அறுவடை செய்வதாகிவிடும். அமெரிக்காவில் 2006-க்கு முன்பே அனுமதி பெற்ற சில முத்திரைகளுக்கு விலக்கு உண்டு என்பது சற்றே விந்தையானதுதான்.

குடும்பப் பெயரை உறவினர் அனைவரும் சூடலாம், அடுத்த வீட்டார் சூட முடியாது. எவரும் அதை விற்கவும் முடியாது. இதுவும் அப்படியே.

பலர் எண்ணுவதுபோல இக்குறியீடு சுவைக்கான சான்றிதழ் அன்று. பிறப்பிடத்தையும் செய்முறையையுமே அது உறுதிசெய்கிறது.